2006 சிக்குன்குனியா: ரெயூனியன் தீவில் 250க்கும் மேற்பட்ட மரணங்கள், இந்தியாவில் பூஜ்யம். எப்படி?

பழைய ஆய்வாளர் எழுதியது:

டெங்கு இழையில் ஒருவர் போகிற போக்கில் "சிக்குன்குனியாவால் யாரும் சாவதில்லை, மூட்டு வலிக்கும், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன். சுகாதாரத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2006இல் எங்கள் கையில் கொடுத்த துண்டறிக்கையிலும் ஏறக்குறைய அதே வாக்கியம்தான் இருந்தது.

இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்கை முதலில் பாருங்கள். 2006இல் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகம். கர்நாடகத்தில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டுக் கணக்கு 64 ஆயிரத்தைச் சொச்சம். (அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பீர்கள், சில ஊர்களில் தெருவுக்கே கால் வீங்கிக் கிடந்தது.) இறந்தவர்கள்: பூஜ்யம். கேரளம் ஆலப்புழையில் மரணங்கள் நிகழ்ந்ததாகச் சொன்னபோதும் மத்திய அரசு ஏற்கவில்லை.

இதே வைரஸ் எங்களுக்குச் சில மாதங்கள் முன்னதாக ரெயூனியன் தீவைத் தாக்கியது. மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவு. மக்கள்தொகை எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் 2.6 லட்சம் பேருக்கு மேல் நோய். மரணச் சான்றிதழ்களில் காரணமாகவோ துணைக் காரணமாகவோ சிக்குன்குனியா எழுதப்பட்டவை 250க்கும் மேல். கணக்குப் போட்டால் ஆயிரம் நோயாளிகளுக்கு ஒருவர். அந்த விகிதத்தை 13.9 லட்சத்துக்குப் பொருத்திப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டுகிறது. எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அந்தத் தீவுக் கிழவர்களைவிட எதிர்ப்புச் சக்தி அதிகமா? இல்லை, எண்ணுகிற இடத்தில் ஆள் இல்லையா?

புள்ளி வைத்த கோலம் எழுதியது:

ஐயா, கேள்வி சரி, கணக்கு சரியில்லை. மரணச் சான்றிதழில் ஒரு நோயின் பெயர் இருப்பதும், அந்த நோயால் இறப்பதும் வேறு வேறு. எண்பது வயது, சர்க்கரை, இதய நோய் எல்லாம் உள்ள ஒருவர் கொள்ளைநோய்க் காலத்தில் காய்ச்சலோடு இறந்தால் மருத்துவர் அந்தப் பெயரையும் சேர்த்தே எழுதுவார். ரெயூனியன் எண்ணிக்கை மிகையாகவும் இருக்கலாம் அல்லவா?

இன்னொன்று. நம்முடைய 13.9 லட்சம் வெறும் சந்தேக எண்ணிக்கை. நாடு முழுவதும் சோதித்த மாதிரிகள் பதினைந்தாயிரம் அளவில்தான். அதில் உறுதியானவை ஏறத்தாழ இரண்டாயிரம். அடித்தளமான அந்த நோயாளி எண்ணே ஆட்டம் காணும்போது அதன் மேல் விகிதம் கட்டுவது ஆபத்து.

சேன்பியேர் வாசி எழுதியது:

ரெயூனியனில் இருந்து எழுதுகிறேன். காரைக்காலில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இங்கே வந்து தங்கிவிட்டவன். இந்தத் தீவில் தமிழ் வம்சாவளியினர் நிறைய. தமிழ் பேசுவோர் அரிது, தீமிதி மட்டும் தவறாது.

சான்றிதழ் பற்றி நண்பர் எழுப்பிய ஐயத்தை இங்கேயும் அப்போதே எழுப்பினார்கள். ஆகவே அதிகாரிகள் இன்னொரு வழியிலும் பார்த்தார்கள். காரணத்தை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், வழக்கமான ஆண்டுகளில் அதே மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒப்பிட்டார்கள். கூடுதலாக வந்தது 260 அளவில். இரண்டு வெவ்வேறு வழிகள், கிட்டத்தட்ட ஒரே எண்.

ஆனால் எங்கள் நிர்வாகத்தை ஒரேயடியாகப் புகழ வேண்டாம். 2004இல் கென்யாவின் லாமு தீவில் தொடங்கி, 2005 தொடக்கத்தில் கொமொரோஸ் வந்து, அந்த ஆண்டு மார்ச் வாக்கில் இங்கே நுழைந்தது. ஜூலை, ஆகஸ்ட் எங்களுக்குக் குளிர்காலம். நோய் தணிந்தது, அணையவில்லை. வாரத்துக்குச் சில பத்துப் பேர் என்று ஓடிக்கொண்டிருந்தபோதே கொசுவை ஒடுக்கியிருக்க வேண்டும். 1979இல் மலேரியா ஒழிந்த தீவு என்று உலக சுகாதார நிறுவனச் சான்று வாங்கிய ஊர் இது. அந்தப் பெருமையில் கொசு ஒழிப்புக் குழுக்கள் காலப்போக்கில் இளைத்துப் போயிருந்தன. டிசம்பரில் மழை வந்தது. 2006 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் நாற்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல். அதன்பிறகுதான் ராணுவத்தினர் ஐந்நூறு பேர் முதுகில் தெளிப்பானோடு தெருவில் இறங்கினார்கள், மாதக் கடைசியில் பிரதமர் வில்பன் விமானம் ஏறி வந்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாரிஸ், இதைக் கடற்கரைத் தீவு ஒன்றின் காய்ச்சல் என்றே கருதியிருந்தது என்ற கோபம் இங்கே இன்னும் ஆறவில்லை.

ரப்பர்காட்டுப் பாதை எழுதியது:

கன்னியாகுமரி மாவட்ட எல்லையில் இருந்து. சேன்பியேர் அண்ணன் எந்தக் கொசு என்று சொல்லவில்லையே? கதையின் திருப்பமே அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்களில் சிக்குன்குனியாவைப் பரப்பியது பெரும்பாலும் ஏடிஸ் எஜிப்தி, டெங்குவுக்கும் அதுதான். ரெயூனியனில் அந்தக் கொசு குறைவு. இருப்பது ஏடிஸ் அல்போபிக்டஸ், முதுகில் வெள்ளைக்கோடு போட்ட ஆசியப் புலிக்கொசு. அதன் உடலில் இந்த வைரஸ் அவ்வளவாகத் தேறாது என்று எண்ணப்பட்டது. 2005இன் பிற்பகுதியில் எடுத்த மாதிரிகளில் வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு மாற்றம்: 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று வந்திருந்தது. இந்த ஓர் எழுத்து மாறியதும் புலிக்கொசுவின் குடலைத் தாண்டி உமிழ்நீர் வரை போவது வைரஸுக்கு எளிதாகிவிட்டது. தீவில் தொடக்கத்தில் பரவியதில் இந்த மாற்றம் இல்லை. டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருந்தது.

2007இல் கேரளத்திலும் அதே 226 மாற்றம் தோன்றியது, தனியாக. கோட்டயம், பத்தனம்திட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகள், கிண்ணங்கள் லட்சக்கணக்கில் தொங்குகின்றன. மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும், கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்க ஆள் கூலி கொடுக்க மனம் வராது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு கொசுத் தொட்டில். அந்த ஆண்டு கேரளத்திலிருந்து போன ஒரு பயணி வழியாக இத்தாலியில் ரவென்னா மாகாணத்துக் கிராமங்களில் இருநூறு பேருக்கு நோய் வந்தது. ஐரோப்பாவுக்கு அது முதல் அனுபவம். அங்கே ஒரே ஒரு மரணம், எண்பது தாண்டிய முதியவர். அதையும் எழுதி வைத்தார்கள்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலும் 2006 கடைசியில் இதே நோய் வந்தது. மட்டக்களப்பு, கல்முனை, மன்னார் என்று வடக்குக் கிழக்கு முழுவதும் பரவியது. அந்த ஆவணியில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் பூட்டப்பட்டிருந்தது. சங்கக்கடையில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசை, பனடோலுக்குத் தட்டுப்பாடு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால் வரிசையில் யார் போய் நிற்பது?

நுளம்பு (கொசு) ஒழிப்புப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிக்கையில் எனக்கு வேறு எண்ணம் வருகிறது. போர்க்காலத்தில் மரணங்களை எண்ணுவதில் எங்கள் ஆட்களுக்கு அனுபவம் நிறைய, ஆனால் அந்த மாதங்களில் காய்ச்சலில் போன முதியவர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. குண்டுக்கும் சேராமல் நோய்க்கும் சேராமல் "வயது போனது" என்ற கணக்கில் அடங்கிவிட்டார்கள்.

மதுரை மருத்துவர் எழுதியது:

சிக்குன்குனியா எப்படிக் கொல்கிறது என்பதை யாரும் தொடவில்லை, ஆகவே சுருக்கமாக.

இளவயதினரைப் பொறுத்தவரை துண்டறிக்கை சொன்னது பெரும்பாலும் உண்மைதான். சிக்கல் இரு முனைகளிலும் இருக்கிறது. ஒரு முனையில் முதியோர்: நீர்ச்சத்துக் குறைந்து சிறுநீரகம் பழுதாவது, ஏற்கெனவே தளர்ந்த இதயம் செயலிழப்பது, சர்க்கரை தறிகெட்டுப் போவது, சில சமயம் மூளைக்காய்ச்சல். ரெயூனியன் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு மாறான அறிகுறிகளோடு சேர்ந்த 610 பேரைத் தனியாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். 222 பேர் நிலை தீவிரம், 65 பேர் இறந்தார்கள். சேர்வதற்கு முன் வலிநிவாரண மாத்திரைகளை எடுத்துக்கொண்டவர்கள் தீவிர நிலைக்குப் போகும் வாய்ப்பும் கூடுதல் என்று அதில் தெரியவந்தது. நம் ஊரில் 2006இல் மருந்துக்கடைகளில் டைக்லோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் எப்படி விற்றன என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஊசி போட்டதும் நடக்கிறார் என்று ஒரு மருத்துவருக்குப் பேர் வந்தால் வாசலில் திருவிழாதான்.

இன்னொரு முனையில் பிறந்த குழந்தைகள். பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் என்பதை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ரெயூனியனின் சேன்பியேர் நகர மருத்துவமனை. அப்படி 39 தாய்மார். 19 குழந்தைகளுக்குத் தொற்று. சிசேரியன் செய்தாலும் தடுக்க முடியவில்லை. சில குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. இந்தியாவில் லட்சக்கணக்கில் நோய் பரவிய ஆண்டில் எத்தனை பச்சிளங்குழந்தைகள் இப்படிப் போயிருக்கும்? பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல், வலிப்பு என்றால் நாங்கள் "செப்சிஸ்" (ரத்தத்தில் கிருமித் தொற்று) என்று எழுதுவோம். இந்த நோயைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லாதபோது யார் தேடுவார்?

புள்ளி வைத்த கோலம் எழுதியது:

டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழைய ஆய்வாளர் ஐயாவின் அடிப்படைக்கு எதிராக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரெயூனியன் அழகாக எண்ணியது, சரி. எண்ணியதால் கொசு செத்ததா? மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு மேல் நோய் வந்து, தொற்ற ஆளில்லாமல்தானே ஓய்ந்தது? பின்னர் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் 38 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. பணமும் ராணுவமும் ஆய்வகமும் உள்ள நாடு செய்த அனைத்துக்கும் பிறகு இதுதான் பலன் என்றால், நமக்கு எண்ணிக்கை இல்லாததால் என்ன குறைந்துபோயிற்று?

இந்தியாவிலும் கூடுதல் மரணக் கணக்கு ஒன்று உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அகமதாபாத் மாநகராட்சிப் பதிவேட்டில் 2006 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பதிவான மரணங்களை முந்தைய நான்கு ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, 2,944 கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் அதே ஆகஸ்டில் குஜராத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல், டெங்கு எல்லாம் வரும். அத்தனையையும் சிக்குன்குனியா தலையில் கட்ட முடியுமா?

பழைய ஆய்வாளர் எழுதியது:

தம்பி, அகமதாபாத்தை நான் கையில் வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

வெள்ளம் பற்றிச் சொன்னது நியாயமான சந்தேகம். ஆகவே அகமதாபாத்தை மட்டும் பார்க்க வேண்டாம், மொரீஷியஸையும் பாருங்கள். ரெயூனியனின் பக்கத்துத் தீவு, அதே ஆண்டு அதே நோய். 2006 மார்ச் முதல் மே வரை எதிர்பார்த்ததைவிட 743 பேர் கூடுதலாக இறந்தார்கள். ரெயூனியன் ஒன்று, மொரீஷியஸ் இரண்டு, அகமதாபாத் மூன்று. மூன்று நிர்வாகம், மூன்று மருத்துவ முறை, வெவ்வேறு மாதங்கள். பொதுவாக இருப்பது நோய் உச்சம் தொட்டதும் மரணமும் ஏறியது என்பதுதான். மூன்று இடத்திலும் வெள்ளமா வந்தது?

எண்ணியதால் என்ன பயன் என்று கேட்டீர்கள். எண்ணியதால்தான் டாக்டர் மேலே எழுதிய அத்தனையும் தெரியவந்தது: குழந்தைக்குத் தொற்றும், முதியவர் சாவார், வலி மாத்திரையில் கவனம் தேவை. கொசு சாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்த எண்பது வயதுக்காரரை வீட்டில் படுக்க வைப்பதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்ற முடிவு இதைப் பொறுத்தது. "மரணம் இல்லை" என்று அறிவித்துவிட்ட இடத்தில் முதியவர்களுக்குத் தனிப் படுக்கை எதற்கு, தனிச் சுற்றறிக்கை எதற்கு?

களத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். வீடு வீடாகப் போய்த் தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து ஊற்றுவது, டயர், ஆட்டுக்கல், சிரட்டை கவிழ்ப்பது, மாலையில் புகை மருந்து. புகையைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். சத்தமும் வெள்ளைப் புகையும் இருந்தால் அரசாங்கம் வேலை செய்கிறது என்ற நிம்மதி. கவுன்சிலரும் அதைத்தான் கேட்பார். பறக்கிற கொசுவில் ஒரு பகுதி சாகும், இரண்டு நாளில் புழுவிலிருந்து புதிய கொசு வந்துவிடும். வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் டிரம்மைக் காலி செய்யுங்கள் என்று சொல்ல எனக்கே நா எழாது.

வடமராட்சி எழுதியது:

ஆய்வாளர் ஐயா சொன்ன டிரம்மும் லாமுவில் நடந்ததும் ஒன்றுதான். 2004இல் கென்யக் கரையோரம் நுளம்பு பெருகியது மழையால் அல்ல, வறட்சியால். தண்ணீர்ப் பஞ்சத்தில் வீட்டுக்குள் பானைகளில் சேமித்தார்கள், அடிக்கடி கழுவி நிரப்பத் தண்ணீர் இல்லை, நுளம்பு அதில் பெருகியது. தீவில் முக்கால்வாசிப் பேருக்கு நோய் வந்ததாகப் பின்னர் கண்டார்கள். இந்தியப் பெருங்கடல் முழுவதும் சுற்றிய கொள்ளைநோய் தண்ணீர் வராத குழாயில் தொடங்கியிருக்கிறது.

சேன்பியேர் வாசி எழுதியது:

ரெயூனியனில் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் புலிக்கொசு இருக்கிறது. பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, கூரைத் தூம்பு, கல்லறைத் தோட்டத்துப் பூச்சாடி. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வைக்கும் சாடிகளில் தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போடுங்கள் என்று நகராட்சி இன்னும் கெஞ்சுகிறது. 2006இல் முதலில் பெனிட்ரோதியான், டெமிஃபாஸ் தெளித்தார்கள். தேனீ வளர்ப்போரும் சுற்றுச்சூழல்காரர்களும் சண்டை போட்ட பிறகு டெல்டாமெத்ரினுக்கும், புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்துக்கும் மாறினார்கள். (ஆய்வாளர் ஐயாவின் அபேட்டும் டெமிஃபாஸும் ஒன்றுதான்.)

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 2024–25இல் அதே நோய் இங்கே திரும்பிவிட்டது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இந்த முறை தடுப்பூசி இருந்தது, இக்ஸ்சிக் என்ற பெயரில், வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். 2006 மரணக் கணக்கு கையில் இருந்ததால் யாருக்கு முதலில் போட வேண்டும் என்பதில் ஐயமே இல்லை: இணைநோய் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டோர். 2025 ஏப்ரலில் தொடங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள், ஊசி போட்ட முதியவர்கள் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு, ஒரு மரணம் என்று கண்காணிப்பில் பிடிபட்டது. ஏப்ரல் 26 அன்று 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவும் அந்தத் தடுப்பூசியின் உரிமத்தை இடைநிறுத்தியது.

நோய் முதியவர்களைக் கொல்கிறது என்று காட்டியதும் எண்ணிக்கை. ஊசியும் அவர்களில் சிலருக்கு ஆபத்து என்று சில வாரங்களில் காட்டியதும் எண்ணிக்கை. புள்ளி வைத்த கோலம் நண்பருக்கு இது பதிலாகுமா?

புள்ளி வைத்த கோலம் எழுதியது:

பாதி பதில். மொரீஷியஸ் எண் எனக்குப் புதிது; அது வெள்ளம் என்ற என் வாதத்தைப் பலவீனமாக்குகிறது என்பது சரி. மீதிப் பாதி இதுதான்: இந்தியாவில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மற்றவை வீட்டில் நிகழ்ந்து, கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் "காய்ச்சல்", "முதுமை", "மாரடைப்பு" என்று ஏறுபவை. ரெயூனியன் செய்த சான்றிதழ் வழியை 2006இல் நாம் செய்யவே முடியாது. ஆகவே எண்ண மனமில்லை என்று மட்டும் குற்றம் சாட்டாதீர்கள், எண்ணும் கருவியே கையில் இல்லை.

மதுரை மருத்துவர் எழுதியது:

சான்றிதழ் வழி இல்லை. அகமதாபாத் வழி இருந்ததே? காரணம் தெரிய வேண்டாம், மாதவாரியாக மொத்த எண்ணிக்கை போதும். பிறப்பு இறப்புப் பதிவு நம் மாநகராட்சிகளில் அப்போதே ஓரளவு ஒழுங்காக இருந்தது. பூஜ்யம் என்று அறிவிக்கும் முன் ஒரு குமாஸ்தாவை ஒரு வாரம் உட்கார வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரப்பர்காட்டுப் பாதை எழுதியது:

அப்படியானால் இப்போது கேட்டால் என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. மதுரை, திருநெல்வேலி, சென்னை என்று ஆளுக்கொரு மாநகராட்சி எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஆய்வாளர் எழுதியது:

மனு எழுதுவோர் கவனத்துக்கு. "சிக்குன்குனியா மரணம் எத்தனை" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்து கோப்பு மூடப்படும். நோயின் பெயரே மனுவில் வேண்டாம். 2002 ஜனவரி முதல் 2007 டிசம்பர் வரை மாதவாரியாகப் பதிவான மொத்த இறப்பு என்று கேளுங்கள். அறுபது வயதுக்கு மேல் தனியாக, ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் தனியாக. பதிவான தேதி வேண்டாம், இறந்த தேதியின்படி வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பலர் இறப்பை மாதக்கணக்கில் தாமதித்துப் பதிவு செய்வார்கள், உச்சம் இடம் மாறித் தெரியும். 2004 டிசம்பர் சுனாமியால் கடலோர ஊர்களின் அந்த மாத எண் எகிறியிருக்கும், சராசரி எடுக்கும்போது அதை விலக்க வேண்டும். கடலூர் நான் எடுத்துக்கொள்கிறேன்.

புள்ளி வைத்த கோலம் எழுதியது:

கோயம்புத்தூர் எனக்கு. மாநகராட்சி எல்லை பின்னாளில் விரிந்தது, 2006 எல்லைப்படி கேட்க வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.